செவ்வாய்க்கிழமை விடுமுறையும் தொழில் கூட்டமும்: வடகரைப் பக்கத்து முடிதிருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வடகரை, அச்சன்புதூர், பண்பொழி, செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சலூன் நடத்துவோருக்கும், அங்கே நாற்காலிக்குப் பங்குக்கூலியில் வேலை பார்ப்போருக்கும்,

முடிதிருத்தும் தொழில் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கும் தொழில். தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதில் தொடங்கி, நுரை போடுவது, கிருதா எடுப்பது, பிள்ளைகளுக்கு வெட்டுவது என்று கை பழகுகிறது. சொந்தக் கடை போட்ட நாளோடு அந்தப் படிப்பு நின்றுவிடுகிறது. எல்லாக் கடைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. வார விடுமுறையான செவ்வாயும் எல்லாருக்கும் பொது. அடுத்த கடைக்காரர் எப்படி வெட்டுகிறார் என்று பார்க்க வாய்ப்பே அமைவதில்லை. வாடிக்கையாளரும் குறையைச் சொல்வதில்லை. பின்னங்கழுத்தில் கோடு கோணலாக விழுந்தால் அவர் சண்டைக்கு வர மாட்டார்; அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். கைவேலையின் குறையைத் தொழில் தெரிந்த இன்னொருவர் வாயால் கேட்க, சொந்தக் கடைக்காரருக்குத் தொழில் கூட்டத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

இந்தக் கூட்டங்கள் பல உருவில் நடக்கின்றன. பெருநகரங்களின் வர்த்தக மையங்களில் இரண்டு மூன்று நாள் நடக்கும் அழகுக்கலைக் கண்காட்சி ஒன்று. சாயம், ஷாம்பு, கிளிப்பர் நிறுவனங்கள் மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் ஓட்டல் மண்டபம் பிடித்து நடத்தும் செமினார் இன்னொன்று. சங்கங்களின் ஆண்டுக் கூட்டமும் மாநாடும் மூன்றாவது. முதல் இரண்டிலும் மேடையில் நிற்பவருக்குச் சம்பளம் கொடுப்பது பொருளை விற்கும் நிறுவனம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அவர் சொல்வது பொய் என்று பொருளில்லை. அவர் சொல்லாமல் விடுவதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதுதான்.

மேடையில் உட்காரும் மாடலின் தலை தேர்ந்தெடுத்த தலை. அடர்த்தியான முடி, முந்தின இரவே அலசி உலர்த்தியது, சுழி ஒன்றே ஒன்று. வடகரைக் கடைக்கு வருபவரோ உச்சந்தலையில் தேங்காய் எண்ணெய் மினுங்க வந்து உட்காருவார். கிளிப்பரின் பல்லில் எண்ணெயும் முடியும் சேர்ந்து பசையாக அடைத்துக்கொள்ளும். இரட்டைச் சுழி இருக்கும். நெற்றியோரம் வழுக்கை தொடங்கியிருக்கும். எனவே மேடை வேலை முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எண்ணெய்த் தலைக்கு இது ஓடுமா? கேள்வி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, முடிந்தபின் கலைஞரோடு செல்பி மட்டும் எடுத்துத் திரும்புவோர்தான் அதிகம்.

கைப்பேசியில் எல்லா வெட்டும் காணக் கிடைக்கும்போது எதற்குப் பயணம் என்ற கேள்வி நியாயமானது. ஃபேடு வெட்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் எண் கார்டு, பிறகு ஒன்றாம் எண், பிறகு கார்டு இல்லாமல் நெம்பியைத் திறந்தும் மூடியும் என்பது வரை காணொளி சொல்லிவிடும். கிளிப்பர் காதுக்கு மேலே ஏறும்போது மணிக்கட்டு எந்த இடத்தில் வெளிப்பக்கம் திரும்புகிறது, எவ்வளவு அழுத்தம், மறு கையின் கட்டைவிரல் தோலை எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்பவை படத்தில் தங்குவதில்லை. கோடு விழுந்து, அதை அழிக்கப் பட்ட பாடு படத்தொகுப்பில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். நேரில் அந்தப் பாடும் கண்ணுக்குத் தெரியும். தேர்ந்த கை தன் தவறை எப்படிச் சரிசெய்கிறது என்பதே அங்கே கற்கத் தகுந்தது. முன்வரிசை நடுவில் உட்காருவதைவிடக் கலைஞரின் வலக்கைப் பக்கம் ஓரமாக நிற்பது மேல். தலை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதைவிட, கை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது மேல். மாடலாக உட்கார ஆள் கேட்டால் தயங்காமல் உட்காருவது எல்லாவற்றிலும் மேல். ஆண்டு முழுக்கப் பிறர் தலையைத் தொடுபவர், அன்றாவது கத்தரியின் குளிர்ச்சியும் கிளிப்பரின் சூடும் தன் தோலில் எப்படிப் படுகின்றன என்று அறிவார்.

கருவி வாங்குவதிலும் நேரில் போவதற்குப் பலன் உண்டு. இந்தியக் கத்தரிக்குப் பேர்போன ஊர் மீரட். அந்த ஊர்க் கத்தரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஜப்பானிய பாணிக் குவிவிளிம்புக் கத்தரி விலை பல மடங்கு. அதைச் சாதாரணச் சாணைக்காரரிடம் கொடுத்தால் விளிம்பு தட்டையாகி, கொடுத்த பணம் ஒரே நாளில் வீணாகிவிடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. அதை வாங்கி ஓராண்டு புழங்கிய இன்னொரு கடைக்காரர் சொல்வார்.

சுத்தம் என்பது இக்கூட்டங்களில் அரைமணி நேரப் பேச்சாக வந்துபோகும். அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆளுக்கொரு புது பிளேடு என்பது எய்ட்ஸ் அச்சத்தால் 1990களில் பரவிய வழக்கம். இன்று வடகரையிலும் அது பிசகுவதில்லை. ஆனால் ஆபத்து பிளேடோடு முடிவதில்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்த ரத்தத்துளியில் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். பிளேடு மாறுகிறது; பிளேடைப் பிடிக்கும் கத்தியின் தலைப்பகுதி மாறுவதில்லை. சேவிங் முடிந்து கன்னத்தில் தேய்க்கும் படிகாரக் கல், வெட்டுப்பட்ட இடங்களின் மீதே ஓடி, ஈரத்தோடு அப்படியே அலமாரிக்குத் திரும்பி, அடுத்த கன்னத்துக்கு வருகிறது. படிகாரம் கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் அதை யாரும் கழுவுவதுகூட இல்லை. கல்லைத் தூளாக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு சிட்டிகை பஞ்சில் தொட்டு வைத்தால் தீர்ந்தது. கழுத்து தட்டும் பிரஷ், ஒரே துண்டு, டிரிம்மரின் பல் ஆகியவை படர்தாமரையை ஆளுக்கு ஆள் கொண்டுபோகும். அந்தப் பூஞ்சை இப்போது பழைய களிம்புகளுக்கு எளிதில் அடங்குவதில்லை என்பதைத் தோல் மருத்துவர்கள் நாடெங்கும் சொல்லி வருகிறார்கள்.

மேலைநாட்டுச் சலூன்களில் கண்ணாடிக் குடுவைக்குள் நீலத் திரவத்தில் சீப்பு மிதப்பதைப் படங்களில் பார்த்திருக்கலாம். பார்பிசைடு என்ற அந்தத் திரவத்தை 1947இல் மாரிஸ் கிங் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். அந்தக் குடுவைக்கு வடகரையில் அவசியம் இல்லை. கருவியைச் சோப்பு நீரில் கழுவி, முடி முழுக்கப் போனபின், 70 சதவீத ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் போதும். நூறு சதவீத ஸ்பிரிட் இன்னும் வலியது என்று நினைப்பது தவறு. நீர் கலந்தால்தான் அது கிருமியின் உள்ளே இறங்கி வேலை செய்யும். சீப்பு, கிண்ணம் முதலியவற்றுக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவமும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து 10 நிமிடம் ஊறவைக்கலாம். இரும்பில் அதை நெடுநேரம் விட்டால் துரு பிடிக்கும்.

மேடையில் நிற்பவர் சொல்வதெல்லாம் வேதமல்ல என்பதற்குச் சான்று அண்மைக்காலத்திலேயே உண்டு. 2022 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் நடந்த பயிலரங்கு ஒன்றில், நாடறிந்த முடியலங்காரக் கலைஞர் ஒருவர், தண்ணீர் இல்லாவிட்டால் இது போதும் என்று சொல்லி, மாடலாக உட்கார்ந்த பெண்ணின் தலையில் எச்சில் துப்பிக் காட்டினார். அவையில் கைதட்டல் எழுந்தது. காணொளி பரவி, தேசிய மகளிர் ஆணையம் தலையிட்ட பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். உட்கார்ந்திருந்தவரும் அழகு நிலையம் நடத்துபவர்தான். வேலை கற்க வந்தவர்தான். கைதட்டியவர்களும் தொழிலாளர்களே என்பதுதான் இதில் நெஞ்சில் தைக்க வேண்டியது.

கழுத்துச் சொடக்கு பற்றிக் கூட்டங்களில் பேச்சே எழுவதில்லை. வெட்டி முடித்து, தலையைத் தட்டி, தாடையைப் பிடித்து ஒரு திருகு திருகினால் சொடக்கு விழும். வாடிக்கையாளர் கண் மூடிச் சுகிப்பார். சில கடைகளுக்கு ஆள் வருவதே அதற்காகத்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் நாளத்தின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறையும் ரத்தம் மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். 2024இல் கர்நாடகத்தின் பல்லாரியில் சலூனில் தலை மசாஜ் செய்துகொண்ட இளைஞர் ஒருவர் கழுத்து நாளம் கிழிந்து பக்கவாதத்துக்கு ஆளானதாகச் செய்தி வந்தது. தலையைப் பின்னால் சாய்த்துத் தொட்டியின் விளிம்பில் வைத்து அலசுவதாலும் இது வரலாம் என்பதை 1993இலேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் எழுதினார்; 2022இல் ஹைதராபாத்தில் அப்படியே நடந்தது. சொடக்கை நிறுத்தினால் வருமானம் குறையும் என்ற கவலை உண்மையானதே. தோளையும் நெற்றிப்பொட்டையும் நன்றாகப் பிடித்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் போகமாட்டார். ஒரு கடை மட்டும் நிறுத்தினால் ஆள் அடுத்த கடைக்குப் போவார். ஊர்க் கடைகள் எல்லாம் சேர்ந்து நிறுத்தினால் போவதற்கு இடமில்லை. கூட்டம் கூடித் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இதைவிட முக்கியமானது வேறு இல்லை.

சாயமும் ஸ்மூத்னிங்கும் நிறுவன செமினார்களின் செல்லப் பிள்ளைகள். கறுப்புச் சாயங்களில் பலவற்றில் பாராஃபினைலீன்டயமின் என்ற பொருள் இருக்கிறது. கல்யாண வீடுகளில் சட்டென்று கறுக்கும் மெஹந்தியிலும் அதுவே கலக்கப்படுவதுண்டு. முன்பு அந்த மெஹந்தியில் கை கொப்பளித்தவருக்கு டை அடித்தால் முகமே வீங்கும். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லும் குறிப்பு எல்லாப் பெட்டியிலும் இருக்கும். பெருநாள் இரவின் நெரிசலில் அதற்கு யாருக்குப் பொழுது? இரண்டு நாள் முன்னால் வந்து தடவிக்கொண்டு போகச் சொல்வதுதான் வழி. ஸ்மூத்னிங் மருந்துகள் சிலவற்றைச் சூடான இரும்பால் அழுத்தும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. செமினார் மண்டபத்துக்கு உயர்ந்த கூரை. மாடல் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துவிடுவார். பத்துக்குப் பத்து ஏ.சி. அறையில் வாரத்துக்கு நாலு பேருக்குச் செய்பவர்தான் அந்த ஆவியை ஆண்டு முழுக்க இழுக்கிறார். வாங்குவதற்கு முன் மேடைக்காரரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவருமா என்பதை.

கடைக்கணக்கு வேறு வகைப் பாடம். அதை நிறுவனக் கூட்டங்களில் கற்க முடியாது. இந்த வட்டாரத்தில் முடிக்கும் பருவம் உண்டு. கார்த்திகையில் மாலை போடுவோர் மண்டலம் முடியும்வரை கத்தி படவிடமாட்டார்கள். துல்ஹஜ் பிறை பிறந்ததும் குர்பானி கொடுக்க எண்ணுவோர் பத்து நாள் முடியும் நகமும் வெட்டாமல் இருப்பார்கள். மறுபக்கம், ரமலானின் கடைசி மூன்று இரவுகளில் வடகரைக் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் குற்றாலம் பக்கத்துக் கடைகளுக்கு வெளியூர் முகங்கள் வரும். எந்த மாதத்தில் எத்தனை தலை என்று நோட்டில் குறித்து வைத்திருப்பவர் மிகக் குறைவு. இரண்டு ஆண்டுக் குறிப்பை இரண்டு கடைக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பிட்டாலே, எந்தப் பதினைந்து நாளில் கடைக்கு வெள்ளையடிக்கலாம், எந்த மாதம் கடன் தவணை கட்ட முடியாது என்பது விளங்கிவிடும்.

விலை பற்றி ஒரு எச்சரிக்கை. சங்கம் கூடி விலைப்பட்டியல் அச்சிட்டுக் கடைதோறும் மாட்டுவது நெடுநாள் வழக்கம். போட்டியிடுவோர் கூடி விலை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆம் பிரிவில் தடுக்கிறது. சிற்றூர்ச் சலூன்களை யாரும் வழக்குக்கு இழுக்கப் போவதில்லைதான். ஆனாலும் பட்டியலைவிடக் கூலி, வாடகை, பிளேடு, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பது கூடுதல் பயன் தரும். அந்தக் கணக்கு தெரியாதவர்தான் விலையைக் குறைத்து எல்லாரையும் கெடுக்கிறார். வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ள கடை ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதால், இங்கே பெரும்பாலோரை அது தொடாது. நகரச் சங்கிலிக் கடைகளின் கட்டணத்தை அது தொடும்.

தொழிலாளர் கூடுவது தொழில்நுட்பத்துக்காக மட்டும் இருந்ததில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கான தலைமுடிப் பொருள்களை விற்ற மேடம் சி.ஜே. வாக்கர், 1917இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களைக் கூட்டினார். ஏறத்தாழ 200 பெண்கள் வந்தார்கள். அதிகம் விற்றவருக்குப் பரிசு தந்ததோடு, அதிகம் தருமம் செய்தவருக்கும் பரிசு தந்தார். கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல்கள் அடித்துக் கொல்வதைக் கண்டித்து, அந்தக் கூட்டம் குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. முடிதிருத்தும் சமூகம் வைத்தியமும் பேறுகாலமும் பார்த்த சமூகம்; அதே காலத்தில் தெருவில் தாழ்த்தி நடத்தப்பட்ட சமூகமும்கூட. சித்த மருத்துவரான ஆனந்தம் பண்டிதர் 1920களின் பிற்பகுதியில் ‘மருத்துவன்’ இதழ் நடத்தி, அச்சமூகத்தின் சுயமரியாதையை எழுதியும் பேசியும் முன்வைத்தார். இன்றைய சங்கக் கூட்டங்களில் சால்வை போர்த்துவதற்கும் குத்துவிளக்குக்கும் போகும் நேரத்தில் பாதியாவது அந்த வரலாற்றுக்குக் கொடுக்கலாம்.

நல வாரியம் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் முடிதிருத்துவோருக்குத் தனி வாரியம் இயங்குகிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து ஆகியவற்றுக்கு உதவியும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் அதில் உண்டு. கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் இறுதியில் அடைத்த கடைகள் மே மாதப் பிற்பகுதியில்தான் திறந்தன. அப்போது அரசு நிவாரணம் வாரியத்தில் பதிந்தவர்களுக்கு முதலில் போனது. பதியாதவர்கள் தனியே விண்ணப்பம் போட்டு அலைய வேண்டியிருந்தது. பதிவு அட்டையைப் புதுப்பிக்க மறந்தவர்களும் அதில் அடங்குவர். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களில் முடிதிருத்துதலையும் சேர்த்தது. அது குலத்தொழிலைக் கெட்டிப்படுத்தும் என்று தமிழ்நாடு அதை ஏற்காமல், 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. கடன் 3 லட்சம் வரை, மானியம் 50,000 வரை. இரண்டில் எது சரி என்ற விவாதத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூட்டத்தில் நடத்த வேண்டும். இதுவரை அதை மற்றவர்கள்தான் நடத்தினார்கள்.

சேர்ந்து பேசினால் நடக்கும் என்பதற்கு மலேசியத் தமிழர் சான்று. அங்கே இந்திய முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வருவது பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தது. கடைகள் ஆளில்லாமல் மூடின. கடை உரிமையாளர் சங்கம், ஜவுளிக்காரர், நகைத்தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து விடாமல் முறையிட்டதில், 2023இல் அந்த மூன்று துறைகளுக்கும் அனுமதி திரும்பக் கிடைத்தது.

பக்கத்து மாவட்டத்திலேயே நேரில் போய்ப் பார்க்கத் தகுந்த கடை ஒன்றும் உண்டு. தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தம் சலூனுக்குள் நூலகம் வைத்திருக்கிறார். காத்திருப்பவர் படிக்கலாம், படித்தால் கட்டணத்தில் சலுகை. 2020 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரோடு பேசினார். திராவிட இயக்க ஏடுகளைச் சத்தமாக வாசித்த அந்தக் காலச் சலூன் பெஞ்சை நினைத்தால் இது புதுமை ஆகாது. இன்று அந்தப் பெஞ்சில் கைப்பேசிதான் உட்கார்ந்திருக்கிறது.

பயணம் பெரிய செலவும் அல்ல. செங்கோட்டையில் திங்கள் மாலை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் செவ்வாய் காலை சென்னை எழும்பூர். அன்று இரவே ஏறினால் புதன் காலை ஊர். கண்காட்சி செவ்வாயன்று விழுந்தால் திங்கள் மாலையும் புதன் காலையின் சில மணி நேரமும் தவிர வேலை கெடாது. ஊரிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து போய், ஆளுக்கொரு மேடையைப் பார்த்து, திரும்பும் ரயிலில் பகிர்ந்துகொள்வது தனியே போவதைவிட நல்லது. அங்கே வாங்கும் பொருளைவிடக் குறித்து வரும் எண்களும் முகவரிகளும் நாள்படப் பலன் தரும். திரும்பிய வாரத்தில் புதிதாக ஒன்றே ஒன்றைக் கடையில் தொடங்க வேண்டும்; பத்தைத் தொடங்குபவர் பத்தையும் விட்டுவிடுவார்.

சென்னை போகாமலே இதில் பெரும்பகுதி நடக்கும். தென்காசி வட்டாரச் சங்கங்கள் சாரல் தொடங்குமுன், மே மாதத்துச் செவ்வாய் ஒன்றில் ஒரு மண்டபம் எடுத்து, அரசு மருத்துவமனையிலிருந்து தோல் மருத்துவர் ஒருவரையும் தொழிலாளர் நலத்துறை அலுவலர் ஒருவரையும் அழைக்கட்டும். மேடை வேண்டாம், நடுவில் நான்கு நாற்காலி போதும். வயதில் மூத்தவர் சவரக்கத்தியையும் இளையவர் கிளிப்பரையும் எடுத்து ஒருவர் தலையை மற்றவர் வெட்டட்டும். சுற்றி நிற்பவர்கள் குறையைச் சொல்லட்டும். நல வாரியப் பதிவைப் புதுப்பிக்காதவர்கள் ஆதார் அட்டையையும் பழைய பதிவு அட்டையையும் அன்று கையோடு எடுத்து வர வேண்டும்.